புள்ளிகள் பெருகினால் படம் தெளியுமா?



கிள்ளானில் வசிக்கும் என் மைத்துனர் அண்மையில் 55 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கித் தம் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். அட்டைப் பெட்டியின்மேல் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பெட்டி 4கே என்றால் அதில் வரும் படமும் 4கே ஆக இருக்க வேண்டாமா? ஆகவே, இணையத்தின் வழியாகப் படம் வழங்கும் நிறுவனத்திடம் அதுவரை கட்டிவந்த சந்தாவை விட்டு, அதற்கு மேற்பட்ட சந்தாவுக்கு மாறினார். தந்தையார் பழைய பாடல்களில் பற்றுள்ளவர் என்பதால், ‘உயர் நுட்ப இசை’ என்று விளம்பரம் செய்யப்பட்ட சேவை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து நான் போயிருந்தபோது, “அத்தான், உண்மையைச் சொல்லுங்கள். இது முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறதா, அல்லது பணம் கட்டிவிட்டோமே என்பதால் நன்றாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறதா?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. மாதந்தோறும் கூடுதலாகப் போகும் வெள்ளி சிறிதாகத் தோன்றினாலும், ஆண்டுக் கணக்கில் அது ஒரு பிள்ளையின் பள்ளிப் புத்தகச் செலவுக்கு ஈடாகிவிடும். விடையோ ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் ஒரே சொல்லில் அடங்குவதன்று. கண் எவ்வளவு காணும், காது எவ்வளவு கேட்கும், இடையில் வரும் குழாய் எவ்வளவு கொள்ளும் என்ற மூன்றையும் நாம் பார்த்தாக வேண்டும்.

முதலில் படம். தொலைக்காட்சித் திரை என்பது சிறுசிறு ஒளிப்புள்ளிகளால் ஆனது. ‘முழு எச்.டி.’ எனப்படும் திரையில் அகலவாக்கில் 1920 புள்ளிகள், உயரவாக்கில் 1080 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. 4கே திரையில் 3840க்கு 2160. மொத்தம் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. அதாவது நான்கு மடங்கு. 8கே என்று விற்கப்படும் திரையில் அதைப்போலும் நான்கு மடங்கு, மூன்று கோடியே 31 லட்சத்துக்கும் அதிகம். எண்ணிக்கையைப் பற்றிக் கடைக்காரர் சொல்வது முற்றிலும் மெய்யே. ஆனால், அந்தப் புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கக் கண்ணால் முடியுமா என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

கண் மருத்துவரிடம் போனால் சுவரில் ஓர் எழுத்து அட்டையைக் காட்டுவார். ‘6க்கு 6’ பார்வை என்று அவர் குறித்துக் கொடுத்தால், ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தை உங்கள் கண் பிரித்தறிகிறது என்று பொருள். இந்த ஒரே அளவை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கணக்கால் நாம் வீட்டு வரவேற்பறையை அளந்துவிடலாம். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய புள்ளி, ஏறத்தாழ 2.2 மீட்டர் தூரத்தில் 6க்கு 6 கண்ணின் எல்லையைத் தொடுகிறது. அதற்கு அப்பால் அமர்ந்தவருக்கு அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்துபோன புள்ளியை நான்காக வெட்டிக் கொடுத்தால் மட்டும் அவருக்கு என்ன தெரியப் போகிறது? 4கே திரையின் புள்ளிகள் அனைத்தையும் அதே கண் அனுபவிக்க வேண்டுமானால், திரையிலிருந்து 1.1 மீட்டர் தூரத்தில், அதாவது மூன்றரை அடியில், நாற்காலியைப் போட வேண்டும்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 6க்கு 6 என்பது கண்ணின் உச்ச வரம்பு அன்று. நலமான கண்ணுக்குரிய ஓர் அளவுகோல்தான். இளம் கண்கள் பல அதைத் தாண்டும். 2025ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் மெட்டா நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த சோதனையில், கறுப்பு வெள்ளை நுணுக்கத்தைப் பொறுத்தவரை மனிதக் கண் ஒரு பாகைக்குச் சராசரி 94 புள்ளிகள் வரையில் பிரித்துக் காண்கிறது என்று கண்டார்கள். பழைய அளவுகோலோ 60 புள்ளிகள்தான். இந்தப் புதிய கணக்கின்படி, நம் 55 அங்குலத் திரையில் எச்.டி.க்கும் 4கேக்கும் உள்ள வேறுபாடு 3.4 மீட்டர் வரையில்கூட ஒருவேளை புலப்படலாம். ஆனால் அந்த ஆய்வில் பயன்படுத்தியவை கூரிய கோடுகள் கொண்ட சோதனைப் படங்கள். நாம் பார்ப்பதோ ஓடும் படம். கதாநாயகன் தலையைத் திருப்பினாலே அவன் முகத்தின் நுணுக்கங்கள் மங்கிப் போகின்றன. மேலும், அதே ஆய்வில் மஞ்சள், ஊதா வண்ண வேறுபாடுகளைப் பொறுத்தவரை அந்த எண் 53 ஆக இறங்கிவிட்டது. வண்ணத்தின் நுணுக்கத்தில் நம் கண் அவ்வளவு கூர்மையானதன்று. இந்தப் பலவீனத்தைத்தான் படத்தைச் சுருக்கும் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

சுருக்குவது என்றேன். இந்த விவகாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஒரு 4கே படத்தை எவ்விதச் சுருக்கமும் இல்லாமல், விநாடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வண்ண விவரத்தை வழக்கம்போல் குறைத்த பிறகும், விநாடிக்கு ஏறத்தாழ 2,400 மெகாபிட் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 4கே படத்துக்குத் தன் வாடிக்கையாளரிடம் கேட்பதோ 15 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு; எச்.டி. படத்துக்கு 5 மெகாபிட். அந்த 15 முழுவதையும் படத்துக்கே செலவிட்டாலும், வந்து சேர்வது மூலத்தில் 160இல் ஒரு பங்கு. ஒரு மூட்டை அரிசியை ஒரு தீப்பெட்டிக்குள் அடைப்பது போன்ற வேலை இது. எப்படி முடிகிறது?

இதற்கு அடிப்படையான கணித முறை ஒன்றை 1974இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர் வெளியிட்டார்கள். நசீர் அகமது பெங்களூரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பேராசிரியரானவர். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மெதுவான மாற்றங்களையும் வேகமான மாற்றங்களையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் வழி அது. பிரித்துவிட்டால், கண் கவனிக்காத வேகமான மாற்றங்களைத் தள்ளிவிடலாம். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் புகைப்படத்திலும், இணையத்தில் பார்க்கும் படத்திலும் அந்த முறையின் வழித்தோன்றல்களே வேலை செய்கின்றன. அதற்குமேல், அடுத்தடுத்த சட்டங்களில் மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பாமல், ‘முன்பு அனுப்பியதையே வைத்துக்கொள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். செய்தி வாசிப்பவரின் பின்னால் இருக்கும் சுவரை ஒவ்வொரு சட்டத்திலும் புதிதாக அனுப்புவானேன்?

ஆகவே அசையாத சுவரும் நிதானமான காட்சியும் சிக்கனமாக வந்து சேர்கின்றன. மழை, புகை, கடல் அலை, கோயில் திருவிழாவில் தூவும் மலர், இருட்டில் நடக்கும் சண்டை இவை வந்தால் கணக்கு தடுமாறுகிறது. எல்லாமே மாறுவதால் எதையும் ‘முன்பு அனுப்பியது’ என்று விட முடியாது. கொடுத்த பிட்டுகள் போதாமல், இருண்ட வானம் கட்டங்கட்டமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்த நேரத்தில் திரையில் 82 லட்சம் புள்ளிகள் இருப்பது உண்மைதான்; அந்தப் புள்ளிகளுக்குச் சொல்வதற்குத்தான் சேதி இல்லை.

புளூரே குறுந்தட்டில் வரும் எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 40 மெகாபிட் வரையில் இடமுண்டு. இணையத்தில் வரும் 4கேயைவிடப் புள்ளிகள் நான்கில் ஒன்று. பிட்டுகள் பெரும்பாலும் அதிகம். தட்டில் உள்ள சுருக்கு முறை பழையது, இணையத்தில் உள்ளது புதியது, ஆகையால் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடுவது சரியாகாது. ஆயினும், மழையும் புகையும் நிறைந்த காட்சிகளில் பழைய தட்டே தெளிவாக இருப்பதைக் கண்டு பலர் வியந்திருக்கிறார்கள்.

பெயர்ப்பலகை வேறு, சரக்கு வேறு என்பதற்கு 2020ஆம் ஆண்டு நல்லதொரு சான்று கிடைத்தது. கொவிட் நோய்த்தொற்றால் மக்கள் வீட்டோடு முடங்கிய மார்ச் மாதத்தில், இணையம் திணறிப் போகும் என்று ஐரோப்பிய ஆணையம் அஞ்சியது. அதன் வேண்டுகோளின்பேரில் நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் தன் போக்குவரத்தில் ஏறத்தாழ கால்பங்கைக் குறைத்தது. எப்படிக் குறைத்தது? 4கேயை எச்.டி. ஆக்கியா? இல்லை. ஒவ்வொரு தரத்துக்குள்ளும் பல அளவுப் பிட்டுகளில் படம் தயாராக இருக்கும். அவற்றில் மிகப் பெரியதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். 4கேக்குப் பணம் கட்டியவருக்கு 4கே என்ற பெயரிலேயே படம் வந்தது, குறைந்த பிட்டுகளோடு. இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆக, திரையின் மூலையில் தோன்றும் ‘4கே’ என்ற எழுத்து, புள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் உறுதி செய்கிறது.

அப்படியானால் 4கே வீண் என்று சொல்கிறேனா? இல்லை. பயன் தரும் இடங்கள் உண்டு. முதலாவது, திரை மிகப் பெரியதாக இருந்தாலோ, மிக அருகில் அமர்ந்தாலோ. இரண்டாவது, சற்று வேடிக்கையானது. சில காணொளித் தளங்களில் 4கே என்று தேர்ந்தெடுத்தால் பிட்டுகளும் கூடுதலாகத் தரப்படுகின்றன. எச்.டி. திரையே வைத்திருப்பவர்கூட 4கேயைத் தேர்ந்தெடுத்தால் படம் தெளிவாகத் தோன்றுவதுண்டு. தெளிவுக்குக் காரணம் புள்ளிகள் அல்ல, அவற்றோடு வந்த பிட்டுகள். மூன்றாவதுதான் முக்கியம். 4கே படத்தோடு சேர்ந்து பெரும்பாலும் எச்.டி.ஆர். என்ற இன்னொரு நுட்பமும் வருகிறது. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள், இதில் 1024. விளக்கின் ஒளியும் அதன் அருகே உள்ள இருட்டும் ஒரே காட்சியில் இயல்பாகத் தோன்றும். மாலை வானம் பட்டை பட்டையாகப் பிரியாது. இந்த வேறுபாடு அறையின் கடைசி நாற்காலியில் இருப்பவருக்கும் தெரியும். பலர் ‘4கே எவ்வளவு அழகு’ என்று வியப்பது உண்மையில் இதைத்தான். ஆனால் மலிவான பெட்டிகளில் ஒளியின் வலிமை போதாமல் எச்.டி.ஆர். என்ற பெயர் மட்டும் இருக்கும். வாங்குமுன் அதைக் கவனிப்பது நல்லது.

8கே பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2020இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் மற்றவர்களோடு சேர்ந்து, 88 அங்குலத் திரையில் 8கே படத்தையும் 4கே படத்தையும் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் காட்டியது. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியவில்லை. கைப்பேசியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறரை அங்குலத் திரையை ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு எச்.டி.யே கண்ணின் அளவுக்கு மிஞ்சியது. 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7 ஜிகாபைட் தரவைத் தின்னும், எச்.டி. படம் 3 ஜிகாபைட் வரை. பேருந்தில் படம் பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி இசைக்கு வருவோம்.

1982இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து குறுந்தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதினார்கள். அதென்ன 44,100? அந்தக் காலத்தில் இலக்க முறை ஒலியைப் பதிவு செய்து வைக்க ஒளிநாடாதான் கைவசம் இருந்தது. ஒரு விநாடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 அளவுகள். பெருக்கினால் 44,100 வரும். ஆக, இசைத்தட்டின் கணக்கு தொலைக்காட்சியிடமிருந்து வந்தது!

இன்று ‘உயர் நுட்ப இசை’ என்று விற்கப்படுவதில் விநாடிக்கு 96,000 அல்லது 192,000 அளவுகள். ஒவ்வொன்றும் 24 பிட்டுகள். விளம்பரங்களில் ஒரு படம் போடுவார்கள். குறுந்தட்டின் ஒலி படிக்கட்டுபோல் கரடுமுரடாகவும், உயர் நுட்ப ஒலி வழவழப்பான வளைவாகவும் இருக்கும். அந்தப் படம் தவறானது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் வீட்டு வாசலில் போடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை வைத்துவிட்டு, கோட்டை எப்படி வளைக்க வேண்டும் என்ற விதியையும் சொல்லிவிட்டால், தேர்ந்த கை எதுவானாலும் ஒரே கோலத்தைத்தான் போடும். புள்ளிகளுக்கு நடுவே மேலும் புள்ளிகள் வைத்தால் கோடு மாறாது. அதே கோட்டின்மேல்தான் அவை உட்காரும். ஒலிக்கும் அப்படி ஒரு விதி உண்டு. ஹாரி நைக்விஸ்ட் 1928இல் கோடிட்டுக் காட்டியதும், கிளாட் ஷானன் 1949இல் நிறுவிக் காட்டியதும் அதுதான். ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்துவிட்டால், அந்த அளவுகளின் வழியே செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். குறுந்தட்டுக் கருவி படிக்கட்டை வெளியிடுவதில்லை. அந்த ஒரே வளைவைத்தான் மீட்டுத் தருகிறது. 44,100இல் பாதி 22,050. இளம் வயதில் நல்ல காது 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஆகவே மனிதன் கேட்கக்கூடிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 192,000 அளவுகள் எடுத்தால் 96,000 அதிர்வுகள் வரை பதிவாகும். அதைக் கேட்டு மகிழ வௌவால்கள்தாம் வர வேண்டும்.

வயது ஏற ஏறக் காதின் மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. காது சோதனையில் 12,000 அதிர்வுள்ள ஒலியை எழுப்பியபோது, நான் ‘இன்னும் தொடங்கவில்லையா?’ என்று கேட்டேன். பண்பலை வானொலி அனுப்புவதே 15,000 அதிர்வுகள் வரைதான். நேயர்கள் எவரும் அதற்காகக் கடிதம் எழுதிக் குறைபட்டதில்லை.

16 பிட்டும் 24 பிட்டும் என்ன? ஒவ்வொரு பிட்டும் மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் இடையே ஏறத்தாழ 6 டெசிபெல் இடைவெளியைத் தருகிறது. 16 பிட் என்றால் 96 டெசிபெல். நம் வீட்டில் மின்விசிறி சுழலும், தெருவில் மோட்டார் சைக்கிள் போகும். அறையின் இரைச்சலே 40 டெசிபெல் இருக்கும். அதற்குமேல் 96 டெசிபெல் என்றால் காது வலிக்கும் எல்லையையும் கடந்துவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் தேவைதான். பாடகர் திடீரென்று குரலை உயர்த்தினாலும் ஒலி சிதையாமல் இடம் விட்டுப் பதிவு செய்யவும், பல தடங்களைக் கலக்கும்போது பிழைகள் சேராமலிருக்கவும் அது உதவும். தையற்காரர் ஓரத்தில் துணி விட்டுத் தைப்பது போன்றது அது. சட்டையை அணிபவருக்கு அந்த ஓரம் தெரிவதில்லை.

நேயர்கள் சிலர் கேட்கலாம்: “இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்?” அதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர் நுட்பத் தட்டின் ஒலியை நேராகவும், அதே ஒலியைக் குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. பூவா தலையா போட்டாலும் ஏறத்தாழ அதுவே வந்திருக்கும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016இல் இலண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார். மொத்தத்தில் 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. முன்கூட்டியே காதுக்குப் பயிற்சி பெற்றவர்களிடம் அது ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆகவே, வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கில்லை. பயிற்சி பெற்ற காதுக்கு, அமைதியான அறையில், நல்ல கருவியில், ஏதோ மயிரிழை தெரிகிறது போலும். அது என்னவென்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மயிரிழைக்காக மாதச் சந்தா கட்டலாமா என்பது அவரவர் விருப்பம்.

பாடகர் நீல் யங் 2014இல் உயர் நுட்ப இசைக்கென்றே போனோ என்ற கருவியைச் செய்வதற்குப் பொதுமக்களிடமிருந்து 60 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் திரட்டினார். 2017இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதே சமயத்தில் பெரிய நிறுவனங்கள் வேறு வழியில் வந்தன. ஆப்பிள் 2021இல் குறையாத் தர இசையைக் கூடுதல் கட்டணமில்லாமல் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை 2025இல் தன் சந்தாதாரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. சாதாரணத் தரத்துக்கும் குறையாத் தரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஏறக்குறைய உணரவே முடியாது என்று ஆப்பிள் தன் விளக்கக் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

அந்தச் ‘சாதாரணத் தரம்’ எப்படி உருவாகிறது? திருமண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்கச் சொல்வார்கள். யாரோ தும்மினாலும், அவச்சொல் சொன்னாலும் காதில் விழாது. பேரொலி வந்தால் அதன் அருகேயுள்ள மெல்லொலி மறைந்துவிடும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். எம்பி3 முதலான முறைகள் செய்வதும் அதுவே. கெட்டிமேளத்தில் மறைந்துபோகும் தும்மலை எழுதாமல் விட்டுவிடுகின்றன. தொடக்க காலத்தில் விநாடிக்கு 128 கிலோபிட்டில் வந்த பாடல்களில் அளவுக்கு மீறி விட்டுவிட்டார்கள். தம்புராவின் ரீங்காரம் நீருக்கடியில் கேட்பதுபோல் ஒலித்தது. மிருதங்கத்தின் அடி விழுமுன்பே ஒரு சலசலப்புக் கேட்டது. அந்தக் குறை உண்மையானது, அதைச் சொல்லிக் குறைபட்டவர்கள் கற்பனை செய்யவில்லை. 256 அல்லது 320 கிலோபிட்டில் வரும் இன்றைய பாடல்களில் அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இதற்குமேல் ஒரு சங்கடமும் உண்டு. உயர் நுட்பப் பாடலை நீங்கள் புளூடூத் காதணியிலோ சிறு ஒலிபெருக்கியிலோ கேட்டால், பெரும்பாலான கருவிகளில் அது வழியிலேயே மறுபடியும் சுருக்கப்பட்டுவிடுகிறது. நான்கு நிமிடப் பாடல் சாதாரணத் தரத்தில் 8 மெகாபைட்டுக்கும் குறைவு. 24 பிட், 192,000 அளவில், சுருக்காத நிலையில் 276 மெகாபைட். அத்தனையையும் இறக்கி, கடைசி மூன்றடித் தூரத்தில் தூக்கி எறிவதற்கா பணம் கட்டுகிறோம்?

படத்திலும் இதுபோல் கடைசி அடியில் தடுக்குவது உண்டு. 4கே சந்தா இருந்தும், உரிமைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பொருந்தாத கைப்பேசியிலோ சில இணைய உலாவிகளிலோ, எச்.டி.க்கும் குறைந்த தரத்தில்தான் படம் வரும். கருவியின் விவரப் பக்கத்தைப் பார்த்தாலொழிய அது தெரியாது.

சரி, மைத்துனர் வீட்டுக்குத் திரும்புவோம். நான் அவருக்கு விடை சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றேன். தரத்தை நாமே மாற்றக்கூடிய தளம் ஒன்றில் ஒரே காட்சியை எடுத்துக்கொண்டோம். அவருடைய மகன் நாணயத்தைச் சுண்டி, விழுந்ததற்கேற்ப எச்.டி. அல்லது 4கே என்று வைப்பான். அதுவரை நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். பத்து முறை. மூன்று மீட்டர் தள்ளியிருந்த நாற்காலியில் அமர்ந்த நான் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். மைத்துனர் ஆறு முறை. பன்னிரண்டு வயதுப் பெண்ணோ எட்டு முறை சரியாகச் சொன்னாள்! கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எட்டோ அதற்கு மேலோ வருவதற்கு 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான வாய்ப்புத்தான் உண்டு. பிறகுதான் கவனித்தேன். அவள் நாற்காலியில் இல்லை. திரைக்கு ஒன்றரை மீட்டர் தூரத்தில் பாயில் படுத்திருந்தாள். இளம் கண், அருகில். அவளை மூன்று மீட்டருக்கு வரச் சொன்னோம். ஆறாக இறங்கியது.

இசைக்கும் அப்படியே செய்தோம், ஒரு முன்னெச்சரிக்கையோடு. இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாகத்தான் தோன்றும். கடைகளில் ஏமாறுவது பெரும்பாலும் அதனால்தான். வீட்டில் எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. மைத்துனர் இசைச் சந்தாவை மட்டும் நிறுத்தினார். படச் சந்தாவை, மகளுக்காக என்று சொல்லி, வைத்துக்கொண்டார். மிச்சப்படும் பணத்தில் தந்தையாரின் காதைச் சோதிக்கலாம் என்று முடிவாயிற்று. அவருடைய சிறு ஒலிபெருக்கிக்குப் பதிலாகக் கம்பி இணைப்புள்ள நல்ல ஒலிபெருக்கி இரண்டையும் வாங்கினார்.

அவை வந்த அன்று என் மாமனார், தாம் இளம் வயதில் கேட்ட பாடல் ஒன்றைப் போடச் சொன்னார். தேடியபோது அதே பாடல் இரண்டு பதிப்புகளாகக் கிடைத்தது. இரண்டும் ஒரே தரம். ஒன்றில் பழைய இசைத்தட்டின் இரைச்சலை முற்றிலும் துடைத்திருந்தார்கள். துடைத்த வேகத்தில் வீணையின் நாதமும் பாடகியின் மூச்சும் போயிருந்தன. மற்றொன்றில் இரைச்சல் அப்படியே இருந்தது. முதலாவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மாமனார் கையை அசைத்தார். இரண்டாவதைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுதான் தோட்டத்துத் திருவிழாவில் கேட்டது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு,” என்றார்.